என்னை ஜெயா என்று கூப்பிட்டார்கள்

பள்ளி நூலகத்தில் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தவளை, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்று இங்கே உட்கார வைத்துவிட்டார் தாளாளர். நூலகம் என்பது பெயருக்குத்தான். பூட்டிய பீரோக்கள், உடைந்த உலக உருண்டை ஒன்று, தூசி. பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு வேண்டியது என் வகுப்பு. இத்தனை வருஷமாகச் சாக்பீஸ் தூளைத் தின்று சம்பாதித்த வகுப்பு அது. அது ஏன் போனது என்பதற்குப் பள்ளியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஊரே பேசும்போது நான் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? நானும் சொல்கிறேன்.

என் பெயர் பியூலா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

எனக்கு வந்தது மனநோய். வந்தபோது அது நோய் என்று யாருக்கும் தெரியவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. கொண்டாடினார்கள் என்பதுதான் பெரிது. முதலில் தூக்கம் குறைந்தது. களைப்பு என்றால் என்ன என்றே மறந்துபோனது. வீட்டுக்கு நானே வெள்ளையடித்தேன். மற்ற ஆசிரியர்களின் விடைத்தாள்களையும் வாங்கித் திருத்திக் கொடுத்தேன். சபையில் பெண்களின் உபவாச ஜெபத்தில் எழுந்து நின்றால் வசனம் வசனமாக வந்து விழும். உட்கார மனம் வராது. அதுவரை சபையில் என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. இப்போது ஐயரே, அதாவது எங்கள் சபைப் போதகரே, என் ஜெபம் முடியும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"டீச்சர் மேல பரிசுத்த ஆவியோட அபிஷேகம் எறங்கியிருக்கு" என்று முதலில் சொன்னது எஸ்தரக்கா. எங்களுக்கு அடுத்த தெரு. பெண்கள் சங்கத்தின் செயலாளர். எங்கள் பள்ளித் தாளாளர் அவருக்குச் சொந்த அண்ணன். அவருடைய மகள் ஷாரோன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். மொகலாய மன்னர்களை வரிசை மாறாமல் சொல்லும் பெண். கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாள். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்பாளாம். அவளை என்னிடம் அழைத்துவந்து, "தலையில கை வச்சு ஜெபிங்க டீச்சர்" என்றார். வைத்தேன். ஒரு நோயாளி இன்னொரு நோயாளியின் தலையில் கை வைத்திருக்க, சுற்றி நின்ற நல்ல மூளைகள் அத்தனையும் ஆமென் சொல்லின. அந்த நாட்களில் ஒருவர்கூட என்னிடம் "தூங்குனீங்களா டீச்சர்" என்று கேட்கவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு எல்லாம் என் கையை மீறியது. ஒரே பீரியடில் கற்காலத்தில் தொடங்கி அன்றைய செய்தித்தாள் வரைக்கும் நடத்தி முடித்தேன். பிள்ளைகள் முதலில் கை தட்டினார்கள், அப்புறம் பயந்துபோய் அடங்கினார்கள். வீட்டில் என் கணவர் சாமுவேல் வாயைத் திறந்தாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் அரசு அலுவலகத்தில் கிளார்க். சத்தம் என்றாலே ஆகாது. ஒரு நாள் காலையில், "உன் தம்பி வீட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினார்.

கோரிப்பாளையம் சந்திப்பில் ஆட்டோ சிக்கிக்கொண்டது. நான் இறங்கி நடுரோட்டில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தேன். நம்புங்கள், கொஞ்ச நேரம் நன்றாகவே ஓடியது. ஒரு பஸ் டிரைவர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

"பியூலா, வாம்மா. எல்லாரும் பாக்குறாங்க" என்றார் சாமுவேல். குரலில் அழுகை இருந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்பதைவிட எல்லாரும் பார்ப்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்த நிலையிலும் அது எனக்குக் கசந்தது.

தம்பி வீடு வரவில்லை. நகரைத் தாண்டி, ஒரு கண்மாய் ஓரமாக இருந்த தனியார் மனநல மருத்துவமனை வந்தது. பெயர் கேட்டார்கள். சாமுவேல் "ஜெயா" என்றார். ஆதார் கேட்டார்கள். வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை. சபையில் தெரியக் கூடாது, பள்ளியில் தெரியக் கூடாது. அவர் எண்ணம் அவ்வளவுதான். பள்ளி வழியாக வரும் மருத்துவக் காப்பீட்டைக்கூட அவர் தொடவில்லை. தொட்டால் நோயின் பெயர் பள்ளி ஆபீசுக்குப் போய்விடுமே. பில்லைக் கட்ட யார் யாரிடம் கை நீட்டினார் என்று என்னிடம் சொன்னதில்லை. யார் அந்த ஜெயா, அந்தப் பெயர் ஏன் சட்டென்று வாயில் வந்தது என்று நானும் இன்றுவரை கேட்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வியாதி போதும்.

ஊசியின் மயக்கம் தெளிந்ததும் ஒரு நர்ஸ் வந்தாள். "ஜெயாம்மா, மாத்திரை போடுங்க."

"நான் ஜெயா இல்ல. என் பேரு பியூலா. ஹிஸ்டரி டீச்சர்."

"சரிங்கம்மா. மாத்திரையப் போட்டுட்டுப் பேசுங்க."

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். நடு வயது, பொறுமைசாலி, என்னைவிட அவருக்குத்தான் தூக்கம் தேவைப்பட்டது போலிருந்தது. "உங்க பேரு பியூலான்னு எப்பலேர்ந்து தோணுது?" என்று கேட்டார். ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் ஒரு அறிகுறி. என் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டேன். சத்தமும் அறிகுறி. என்னைப் பொய்ப் பெயரில் கொண்டுவந்து அடைத்துவைத்திருக்கிறார்கள் என்றேன். அதைவிட நல்ல அறிகுறி எந்த டாக்டருக்கும் கிடைக்காது. மருந்தின் அளவு கூடியது. நாக்கு தடித்து, வாய் குழறி, பியூலா என்று சொல்வதே பெரும்பாடாகிவிட்டது. எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? நான் உண்மையிலேயே ஜெயாதானோ, அந்தப் பள்ளியும் வகுப்பும்தான் நானாகக் கட்டிக்கொண்டதோ என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

பார்வையாளர் நேரத்தில் சாமுவேல் வந்தார். நர்ஸ் காதில் விழும்படி, "ஜெயா, சாப்டியா?" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் டிபன் கேரியரைப் பார்த்தார். மீன் குழம்பு கொண்டுவந்திருந்தார். அவரே வைத்தது; எனக்குப் பிடித்த நடுத்துண்டை முள் எடுத்துத் தனியாக வைத்திருந்தார். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு. ஆனாலும் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

நோயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருதுருவ மனநிலைக் கோளாறு என்று பெயர். மனம் ஒரு காலத்தில் தேவைக்கு மேல் ஏறும். தூக்கம் வேண்டாம், பயம் கிடையாது, உலகத்தில் தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்றிருக்கும். இன்னொரு காலத்தில் பல் துலக்கக்கூட எழ முடியாதபடி இறங்கும். ஏறி நிற்பதை மேனியா என்கிறார்கள். அதற்கு எனக்குக் கொடுத்த முக்கியமான மருந்து லித்தியம். அது ஒரு வகை உப்பு. இரத்தத்தில் குறைந்தால் பயனில்லை, கூடினால் விஷம். அதனால் அவ்வப்போது இரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். கை லேசாக நடுங்கும், தாகம் எடுக்கும். விஷயம் இவ்வளவுதான். சர்க்கரை வியாதியைச் சொல்வது போல இதையும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். சொல்ல முடிகிறதா?

பக்கத்துக் கட்டிலில் பாண்டியம்மா இருந்தாள். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். என் வயதுதான் இருக்கும். அவள் மட்டும் என்னை டீச்சர் என்றாள்.

"அதட்டுறதப் பாத்தாலே தெரியுதே, நீங்க டீச்சர்தான். பேரு எதுவா இருந்தா என்ன?"

அந்தக் கட்டிடத்தில் என்னைப் பாதியாவது நம்பிய ஒரே ஆள் அவள். அவள் கதையை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மொதல்ல கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனாக டீச்சர். உடுக்க அடிச்சு, வேப்பங்கொழையால வெளாசி, யாரு நீ, பேரச் சொல்லுன்னாரு. பாண்டியம்மான்னேன். அடிச்சாரு. மறுபடி கேட்டாரு. பாண்டியம்மாதாய்யான்னேன். இன்னும் அடிச்சாரு. நெசத்தச் சொன்னா அடி விழுகுதேன்னு, எங்க ஊர்ல கெணத்துல விழுந்து செத்துப்போன ஒரு பொம்பள பேரச் சொன்னேன். அப்பத்தான் நிப்பாட்டுனாக. அம்புட்டுப் பேருக்கும் ஒரே சந்தோசம்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடுக்கைக்கும் ஊசிக்கும் இடையில் எவ்வளவோ தூரம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் நோயாளி தன் பெயரைச் சொன்னால் கேட்க ஆளில்லை.

அன்றிலிருந்து அவளுக்கும், கேட்க விரும்பிய மற்றப் பெண்களுக்கும் கட்டிலில் உட்கார்ந்தபடி, குழறிக் குழறியே பாடம் நடத்தினேன். மனநோயை மனிதர்கள் என்னவாக நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்ற பாடம். எங்கள் பாடப்புத்தகத்தில் அது கிடையாது. ஆதி காலத்தில் மண்டை ஓட்டில் துளை போட்டிருக்கிறார்கள்; உள்ளே இருக்கும் கெட்டது வெளியே போகட்டும் என்றிருக்கலாம். கிரேக்கர்கள் கரும்பித்தம் என்றார்கள். நம் ஆட்களும் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். பிறகு பேய் என்றார்கள், பாவம் என்றார்கள், சங்கிலி போட்டார்கள். லண்டனில் காசு கொடுத்துவிட்டுப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் போய் வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளைக்காரன் இங்கேயும் வந்து மதில் கட்டினான். வெள்ளைப் பைத்தியத்துக்கு ஒரு பக்கம், கறுப்புப் பைத்தியத்துக்கு ஒரு பக்கம். மலேரியாக் கிருமியை ஏற்றிக் காய்ச்சல் வரவழைத்த டாக்டருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். மூளைக்குள் கம்பியை விட்டு நரம்பை அறுத்தவருக்கும் கொடுத்தார்கள். லித்தியம் மேனியாவுக்கு உதவும் என்று கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர் முதலில் அதைக் கினிப் பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தார். அவை சாதுவாக மல்லாந்து கிடந்தன. அதெல்லாம் எங்கோ என்று நினைக்க வேண்டாம். நான் படித்து முடித்த காலத்தில், நம் கடற்கரை ஊர் ஒன்றில், சங்கிலியால் கட்டிவைத்திருந்தவர்கள் தீப்பிடித்த கொட்டகையை விட்டு ஓட முடியாமல் வெந்து செத்தார்கள்.

"இம்புட்டுப் பேரு வரிசையா நிக்கிறாகளே, இதுல நாம எங்க வாரோம் டீச்சர்?" என்று கேட்டாள் பாண்டியம்மா.

"கடைசியில."

"அப்ப நல்ல காலத்துலதான் வந்து சேந்திருக்கோம்" என்றாள். அவளுக்கு மின்சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வார்டில் அதைக் கரண்ட் என்பார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுச் சில விநாடிகள் வைக்கிறார்கள். திரும்பி வந்து காபி கேட்பாள். முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்திருக்கும். ஆனால் வரும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் இப்போது பின்னல் போட்டுக்கொண்டாள். அதனால் அவளிடம் நான் எதிர்த்துப் பேசவில்லை. நான் நடத்திய பாடத்தை மட்டும், அதிகமாகப் பேசுகிறார் என்று என் கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்.

என் பெயரை எனக்கு மீட்டுத் தந்தது தம்பி டேனியல். சோழவந்தானில் போஸ்ட் ஆபீசில் வேலை. எத்தனை நாள்தான் அக்கா போனை எடுக்காமல் இருப்பாள் என்று சாமுவேலைப் போட்டு உலுக்கி, இடத்தைத் தெரிந்துகொண்டு வந்துவிட்டான். கேட்டில் பியூலா என்று கேட்டிருக்கிறான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் திரும்பிப் போகிற ஆள் இல்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு வார்டு ஜன்னலுக்கு எதிரே வந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

"அக்கா! பியூலாக்கா! நான் டேனி வந்திருக்கேன்!"

மாத்திரைத் தட்டோடு என் அருகில் நின்ற நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். "அவரு யாரக் கூப்பிடுறாரு?"

"என்னைத்தான்" என்றேன்.

சாமுவேலை டாக்டர் வரவழைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். பிறகு என்னிடம் வந்தார். "சாரிம்மா. நீங்க மொதல்லயே தெளிவாச் சொல்லியிருக்கலாம்."

"தினமும் சொன்னேன் டாக்டர். நீங்களும் தினமும் எழுதிக்கிட்டீங்க."

நியாயத்தைச் சொல்ல வேண்டும்: என் நோய் பொய்யில்லை, அவர் கொடுத்த மருந்தும் தப்பில்லை. கூட்டின அளவைக் குறைத்தார். வாய் குழறல் போனது. லித்தியம் என்னைத் தரையில் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் பைலில் மட்டும் ஜெயா அப்படியே இருக்கட்டும் என்று சாமுவேல் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். "ஒன் வேலை போயிரும் பியூலா" என்றார் என்னிடம். என் வகுப்பை நினைத்து நானும் சரி என்றேன். ஆக, வீட்டுக்குப் பியூலா வந்தாள். மாதாமாதம் இரத்தப் பரிசோதனைக்கு ஜெயா போனாள்.

ஊருக்கு டைபாய்டு என்று சொல்லியிருந்தார் சாமுவேல். எங்கள் சபையில் ஸ்தோத்திர காணிக்கை கொடுத்தால், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை ஐயர் ஆராதனையில் மைக்கில் வாசிப்பார். நான் வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பித்தப்பைக் கல் எடுத்ததற்காக ஒருவர், மூல வியாதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக ஒருவர், "டைபாய்டு காய்ச்சலிலிருந்து சுகம் பெற்றதற்காக பியூலா சாமுவேல்" என்று நான். மூலத்துக்குக்கூட மைக் கிடைக்கிறது. என் நோய்க்குக் கிடைக்கவில்லை. மறுநாள் என் வகுப்பு எனக்குக் கிடைத்தது.

எஸ்தரக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்தேன். அவர் முகம் வாடியது.

"காய்ச்சலுக்கு முந்தி ஒங்க ஜெபத்துல அம்புட்டு வல்லமை இருந்துச்சு டீச்சர். இப்ப சும்மா பேப்பர் வாசிக்கிற மாதிரி இருக்கு."

"ஷாரோன் எப்படி இருக்கா அக்கா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. ஜெபத்துல வச்சிருக்கோம்."

டாக்டரின் முகவரி என் நாக்கு நுனியில் நின்றது. டைபாய்டு வந்தவளுக்கு அந்த முகவரி எப்படித் தெரியும்? விழுங்கிக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, இரத்தப் பரிசோதனைக்குப் போன ஒரு காலையில், காத்திருக்கும் ஹாலில் எஸ்தரக்கா உட்கார்ந்திருந்தார். முந்தானை தலையில். பக்கத்தில் ஷாரோன், பாதியாக இளைத்திருந்தாள்.

"டீச்சர், நீங்க எங்க இங்க?"

"சொந்தக்காரங்க ஒருத்தரப் பாக்க வந்தேன். நீங்க?"

"நாங்களும் அப்படித்தான்."

ஒருவர் பொய்யை மற்றவர் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டோம். தள்ளி உட்கார்ந்தேன்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி டாக்டர் அறை வாசலில் வந்து நின்றாள். "சுமதி! சுமதி யாரு?"

யாரும் எழவில்லை. எஸ்தரக்கா ஷாரோனை முழங்கையால் இடித்தார். "போடி."

"நான் சுமதி இல்ல" என்றாள் ஷாரோன்.

"சரிம்மா, உள்ள வாங்க" என்றாள் நர்ஸ்.

"என் பேரு ஷாரோன். ஷாரோன்னு சொல்றேன்ல!" குரல் ஏறியது.

எஸ்தரக்கா நர்ஸிடம் மெதுவாக, "இப்படித்தான் சிஸ்டர். மாத்தி மாத்திப் பேசுறா" என்றார். நர்ஸ் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். திறந்திருந்த கதவு வழியாக டாக்டர் நிமிர்ந்து பார்ப்பதும், அவர் கை பேனாவுக்குப் போவதும் தெரிந்தது.

எஸ்தரக்கா தாளாளரின் தங்கை. நான் வாயைத் திறந்தால் என் வகுப்பு என்னவாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தே எழுந்தேன்.

"சிஸ்டர், அந்தப் பிள்ள சொல்றது சரி. அவ பேரு ஷாரோன். எங்கிட்டப் பத்தாம் வகுப்பு படிச்சவ."

ஹாலே திரும்பிப் பார்த்தது. எஸ்தரக்காவின் கண் என்னைக் கெஞ்சியது, அடுத்த விநாடியே மிரட்டியது.

"நீங்க யாரும்மா?" என்றாள் நர்ஸ்.

"பியூலா. ஹிஸ்டரி டீச்சர். ஒங்க பைல்ல ஜெயான்னு இருக்கும்."

டாக்டர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "உள்ள வாம்மா ஷாரோன்" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபடியே உள்ளே போனாள். பின்னாலேயே போன எஸ்தரக்கா என்னைக் கடக்கும்போது, "நல்லா இருங்க டீச்சர்" என்றார். சாபம் போடுகிறவர்கள் சொல்லும் விதத்தில் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் தண்ணீர் வைத்து, மின்விசிறியைக் கூட்டி வைத்து, உட்காரச் சொன்னார். "கர்த்தர் ஒங்களுக்கு நல்ல சுகம் தரணும் பியூலா டீச்சர். கொஞ்ச நாள் லைப்ரரியில ரெஸ்ட் எடுங்க" என்றார். என் பெயரில் ஒரு எழுத்தும் பிசகவில்லை.